மேற்படிப்பும் நம் மாவட்டத்துக் கல்லூரிகளும்

சென்ற ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், எமது சங்க அலுவலகத்திற்கு நெசவாள அங்கத்தினர் ஒருவர் வந்தார். தம் பெயரில் சேர்ந்துள்ள சிக்கன நிதியிலிருந்து எவ்வளவு தொகை எடுக்கலாம் என்று விசாரித்தார். காரணம் கேட்டோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருக்கிறாள்; பெரிய நகரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது; முதல் ஆண்டுப் பணத்தைப் பத்து நாளில் கட்டவேண்டும். வீட்டிலுள்ள இரண்டு தறிகளில் ஒன்றை விற்பதற்கு ஆள் பார்த்தாயிற்று; நகையை அடகு வைக்கவும் சித்தமாக இருந்தார்.

“மாவட்டத் தலைநகரில் உள்ள அரசினர் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் செய்தீர்களா?” என்று கேட்டோம்.

“அது நாலு பேருக்குத் தெரிந்த கல்லூரி இல்லை, ஐயா. அங்கே படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?” என்றார்.

அவர் கேட்ட கேள்வி அவர் ஒருவருடையது அன்று. மே மாதம் பிறந்துவிட்டால், நம் சங்கங்களைச் சேர்ந்த எத்தனையோ குடும்பங்களில் இதே கேள்வி எழுகின்றது. அதற்கு விடை தெரியாத காரணத்தால் தறி விலை போகிறது. நிலம் ஒத்திக்குப் போகிறது. ஆதலின் இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

பட்டம் வழங்குவது யார்?

முதலில் தெளிவாக அறியவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம் நாட்டில் பட்டம் வழங்கும் உரிமை எல்லாக் கல்லூரிகளுக்கும் கிடையாது. பல்கலைக் கழக மானியக் குழுச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. அதன்படி, மத்தியச் சட்டத்தினாலோ மாநிலச் சட்டத்தினாலோ நிறுவப்பட்ட பல்கலைக் கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக் கழகம் என்று அறிவிக்கப்பட்ட நிறுவனங்களும், பாராளுமன்றச் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற நிறுவனங்களுமே பட்டம் வழங்கலாம். மற்றக் கல்லூரிகள் யாவும் ஒரு பல்கலைக் கழகத்தோடு இணைவு பெற்றுப் பாடம் நடத்துகின்றன. தேர்ந்த மாணவருக்குப் பட்டம் அளிப்பது அந்தப் பல்கலைக் கழகமே.

இதன் பொருளை நன்கு சிந்தித்தல் வேண்டும். ஓர் அரசினர் கலைக் கல்லூரியும், பத்து மடங்கு கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரி ஒன்றும் ஒரே பல்கலைக் கழகத்தோடு இணைவு பெற்றிருக்குமாயின், இரண்டிலும் கிடைப்பது ஒரே பல்கலைக் கழகத்தின் பட்டமே. தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தாமே பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்துகின்றன என்பது உண்மை. எனினும் அங்கும் பட்டம் பல்கலைக் கழகத்தின் பெயராலேயே வழங்கப்படுகிறது. அதிகக் கட்டணத்திற்கு அழகிய கட்டிடமும், குளிர்சாதன வகுப்பும், செய்தித்தாள் விளம்பரமும் கிடைக்கலாம். பட்டத்தின் தகுதி அதனால் மாறுவதில்லை.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வாயினும், வங்கித் தேர்வாயினும், இந்திய ஆட்சிப் பணித் தேர்வாயினும், ‘அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக் கழகத்தின் பட்டம்’ என்றே தகுதி குறிப்பிடப்படுகிறது. கல்லூரியின் புகழுக்கென்று அங்கே மதிப்பெண் ஏதும் இல்லை. தேர்வு எழுதுகிற பிள்ளையின் திறமே அங்கு பேசும். தனியார் தொழில் நிறுவனங்களில் சில, குறிப்பிட்ட கல்லூரிகளுக்கே சென்று ஆள் எடுக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் நாடிச் செல்லும் வேலைகளில் இந்த வேறுபாடு நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை.

நம் வாயிலுக்கு வந்த பல்கலைக் கழகங்கள்

நம் பாட்டனார் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்தவை இரண்டே பல்கலைக் கழகங்கள். சென்னைப் பல்கலைக் கழகம் 1857-இலும், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1929-இலும் தோன்றின. 1966-இல் மதுரையில் ஒரு பல்கலைக் கழகம் ஏற்பட்டது. அதுவே பின்னர்க் காமராசர் பெயரைத் தாங்கியது. 1982-இல் கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக் கழகமும், திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக் கழகமும் பிறந்தன. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக் கழகம் 1985-இலும், திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகம் 1990-இலும், சேலத்தில் பெரியார் பல்கலைக் கழகம் 1997-இலும், வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக் கழகம் 2002-இலும் நிறுவப்பெற்றன. பெண்களுக்கெனக் கொடைக்கானலில் அன்னை தெரசா பல்கலைக் கழகம் 1984-இல் ஏற்பட்டது.

இவை எந்த நோக்கத்தோடு தோன்றின என்பதை மறத்தலாகாது. சென்னைக்குப் போகும் வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளையும் தன் ஊருக்கு அண்மையிலேயே பட்டப்படிப்பும் முதுகலையும் ஆராய்ச்சியும் பெறவேண்டும் என்பதே நோக்கம். மக்களின் வரிப்பணத்தால் எழுந்த நிறுவனங்கள் இவை. துணி வாங்குகிறவரும் விதை வாங்குகிறவரும் செலுத்தும் வரி இவற்றில் கலந்திருக்கிறது. நம்முடைய பொருளை நாமே ஏறிட்டுப் பாராமல் ஒதுக்குவது விவேகம் ஆகுமா?

தரம் எப்படி என்று கேட்கலாம். உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடுவதற்காக 1994-இல் தேசியத் தர மதிப்பீட்டுக் குழு ஒன்று, நாக் என்ற சுருக்கப் பெயரில், பெங்களூரில் அமைக்கப்பட்டது. அது நான்கு புள்ளிகளை உச்சமாக வைத்து அளவிடுகிறது. அந்த அளவையில் காரைக்குடி அழகப்பா பல்கலைக் கழகம் 2017-இல் 3.64 புள்ளி பெற்றது. சேலம் பெரியார் பல்கலைக் கழகம் 2021-இல் 3.61 புள்ளியும் உச்ச நிலைத் தரமான ‘ஏ இரட்டைக் கூட்டல்’ குறியும் பெற்றது. பெருநகரத்துப் பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவற்றோடு சமமாக நிற்கும் மதிப்பீடு இது. ஆயினும் மாநிலத்திற்கு வெளியே இவ்விரு பெயர்களையும் அறிந்தோர் சிலரே.

மத்திய அரசு 2016 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டு வரும் தரவரிசையையும் சிலர் ஆதாரமாகக் கொள்வர். அது நல்லதே. ஆனால் அந்த வரிசை எவ்வாறு தயாராகிறது என்பதையும் அறிதல் வேண்டும். கற்பித்தல் வசதி, ஆராய்ச்சி, தேர்ச்சி, எல்லாப் பிரிவினருக்கும் இடமளித்தல் ஆகியவற்றோடு, ‘பிறர் கொண்டுள்ள கருத்து’ என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. அதாவது, பெயர் தெரிந்திருப்பதே ஒரு பங்கு மதிப்பெண்ணைப் பெற்றுத் தருகிறது. மேலும், பல்கலைக் கழகங்களின் வரிசையில் ஆராய்ச்சிக்கு அளிக்கப்படும் எடை பெரிது. மூன்றாண்டு இளங்கலை படிக்க வரும் மாணவனுக்கு, முதலாண்டு வகுப்பில் யார் பாடம் சொல்லுகிறார் என்பதே முதன்மையான கேள்வி. அதை எந்த வரிசையும் காட்டாது.

ஊர் சிறிது, கல்வி சிறிதன்று

சூரியனை ஆராயும் ஆதித்யா கலம் 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் விண்ணில் செலுத்தப்பட்டு, 2024 ஜனவரி 6-இல் தன் இலக்கை அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநராக விளங்கியவர் நிகர் சாஜி அம்மையார். செங்கோட்டையில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பொறியியல் பயின்றது திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரியில். அக்கல்லூரி அக்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்தது. சென்னைக்குச் செல்லாமலே, மாவட்டத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து அவர் மேலும் படித்து விண்வெளித் துறைக்குச் சென்றார்.

விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக 2018 முதல் 2022 வரை பணியாற்றிய கே. சிவன் அவர்களும் கன்னியாகுமரி மாவட்டத்து உழவரின் புதல்வரே. தமிழ் வழியில் அரசினர் பள்ளியில் படித்தவர். நாகர்கோவிலில் உள்ள கல்லூரியில் கணிதப் பட்டம் பெற்ற பின்னரே, சென்னை எம்.ஐ.டி.யிலும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் மேற்படிப்பு மேற்கொண்டார்.

காரைக்குடியை எடுத்துக்கொள்வோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் நன்கொடையாக வழங்கினார். அதன் பயனாக மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அவ்வூருக்கு வந்தது. 1948 ஜூலை 25-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தில் தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்த ந. கலைச்செல்வி அம்மையார் அந்நிலையத்தில் விஞ்ஞானியாகச் சேர்ந்து, அதன் இயக்குநராகி, 2022 ஆகஸ்டில் நாடு முழுமைக்குமான அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநராக நியமனம் பெற்றார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவரே.

இவர்கள் அரிய திறமையும் இடையறாத உழைப்பும் உடையவர்கள். மாவட்டக் கல்லூரியில் சேர்ந்தோர் எல்லாரும் இந்நிலையை அடைவர் என்று நாம் சொல்லவில்லை. சிறிய ஊரில் தொடங்கிய படிப்பு மேலே செல்லும் வழியை அடைத்துவிடவில்லை என்பதையே இவர்கள் வாழ்க்கை காட்டுகிறது.

அவ்வழி இன்று முன்னிலும் அகலமாகத் திறந்திருக்கிறது. எந்தக் கல்லூரியிலேனும் இளங்கலை அறிவியல் முடித்த மாணவர், ‘ஜாம்’ எனப்படும் பொது நுழைவுத் தேர்வை எழுதி இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் முதுகலையில் சேரலாம். முதுகலை முடித்தபின் தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட தொகையைப் பெற்றுக்கொண்டே ஆய்வு செய்யலாம். இளங்கலையைக் குறைந்த செலவில் அருகில் முடித்து, பின்னர்த் தகுதியினால் பெரிய நிறுவனத்திற்குச் செல்வது நம் போன்றார்க்கு ஏற்ற படிமுறையாகும்.

செலவுக் கணக்கு

நாம் கணக்குப் புத்தகத்தோடு பழகியவர்கள். ஆதலின் இதையும் கணக்காகவே பார்ப்போம்.

ஓர் உதாரணத்திற்கு, தனியார் கல்லூரி ஒன்றில் கட்டணம் ஆண்டுக்கு 90,000 ரூபாய், விடுதிக்கும் உணவுக்கும் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளுக்கு 5,10,000 ரூபாய் ஆகிறது. இதில் 5,00,000 ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டியில் கடனாக வாங்கி, ஐந்து ஆண்டுகளில் மாதத் தவணையாகத் திருப்புவதானால், மாதந்தோறும் ஏறத்தாழ 10,600 ரூபாய் கட்டவேண்டும். முடிவில் கட்டிய தொகை ஆறு லட்சத்து முப்பத்தேழாயிரத்தைத் தாண்டிவிடும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் இளம் பட்டதாரியின் சம்பளத்தில் பெரும்பகுதி இத்தவணைக்கே சென்றுவிடும். வேலை கிடைக்கத் தாமதமானால் அச்சுமை மீண்டும் தறியின் மேலும் ஏரின் மேலுமே விழும்.

அரசினர் கலைக் கல்லூரியிலோ கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. வீட்டிலிருந்தே சென்று வந்தால் விடுதிச் செலவும் இல்லை. தொலைவிலிருந்து வருவோருக்குப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளும், ஆதி திராவிடர் நல விடுதிகளும் பல ஊர்களில் உள்ளன; அவற்றில் உணவும் உறைவிடமும் இலவசம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மேற்படிப்புக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஆண் மாணவருக்கு அதையொத்த தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் ஏற்பட்டது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்வோர், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே பொறியியலில் சேர்ந்தால் பயிற்சிக் கட்டணச் சலுகை பெறும் முறை 2010-இல் வந்தது. இவற்றின் விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை; ஆதலின் விண்ணப்பிக்கும் ஆண்டில் உள்ள நிலையைக் கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டறிதல் வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்தில் இருவகைப் பிரிவுகள் இருக்கும். உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுக்கிறது. ஆகையால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் கட்டணம் மிகுதி. கல்லூரியின் பெயரை மட்டும் கேட்டு வருவோர் இவ்வேறுபாட்டை அறியாமல் கூடுதல் பணம் கட்டிவிடுகின்றனர். ‘எந்தப் பிரிவில் இடம்?’ என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

உழவர், நெசவாளர் பிள்ளைகளுக்கு உகந்த இடங்கள்

நம் தொழிலோடு தொடர்புடைய படிப்புகளும் அதிகம் பேசப்படாத ஊர்களிலேயே உள்ளன. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தை அறியாதார் இல்லை; 1971-இல் அது பல்கலைக் கழகமாயிற்று. ஆனால் அதன் உறுப்புக் கல்லூரிகள் மதுரையிலும், தூத்துக்குடி மாவட்டத்துக் கிள்ளிகுளத்திலும், திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டிலும், புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையிலும், திருவண்ணாமலை மாவட்டத்து வாழவச்சனூரிலும், தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டையிலும் உண்டு. தோட்டக்கலைக்குப் பெரியகுளத்திலும், வனவியலுக்கு மேட்டுப்பாளையத்திலும் கல்லூரிகள் உள்ளன. ‘கோயம்புத்தூரில் இடம் கிடைக்கவில்லை, கிள்ளிகுளந்தான் கிடைத்தது’ என்று மனம் சோர்ந்து, இடத்தை விட்டுவிடும் பெற்றோரும் இருக்கின்றனர். பல்கலைக் கழகம் ஒன்று; பாடத்திட்டம் ஒன்று; பட்டம் ஒன்று. ஊர்ப் பெயருக்காக அதைக் கைவிடலாமா?

நெசவாளர் பிள்ளைகளுக்குச் சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் 1960 முதல் பணிபுரிந்து வருகிறது. கைத்தறி, ஜவுளித் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு அங்கு உண்டு. சாயமிடுதல், பாவு தயாரித்தல், வடிவமைப்பு ஆகியவற்றைத் தந்தையிடம் கண்ணால் கண்டு கற்ற பிள்ளை, அவற்றின் காரண காரியங்களை அங்கே முறையாகக் கற்கலாம்.

திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமக் கிராமிய நிறுவனம் 1956-இல் தொடங்கப்பெற்று, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. மத்திய அரசின் நிதியில் நடைபெறுவது. கூட்டுறவுக்கென்றே அங்கு ஒரு துறை இருக்கிறது. சங்கத்தின் வரவு செலவையும் நிர்வாகத்தையும் நம் வீட்டுப் பிள்ளைகளே கற்றுவந்து நடத்தவேண்டும் என்று விரும்புவோர் இதை மனத்தில் கொள்ளலாம். திருவாரூரில் 2009-இல் ஏற்பட்ட தமிழ்நாடு மத்தியப் பல்கலைக் கழகமும் அவ்வாறே பலர் கவனத்திற்கு வராதது. மத்தியப் பல்கலைக் கழகங்களின் இளங்கலைச் சேர்க்கைக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. அதற்கு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும் முன்னரே மனுச் செய்யவேண்டும். முடிவு வந்தபின் விசாரித்தால் காலம் கடந்துவிடும்.

குறைகளையும் மறைக்கலாகாது

நன்மையை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது கூட்டுறவு நெறியன்று. மாவட்டத்து அரசினர் கல்லூரிகளில் குறைகள் உண்டு. சில துறைகளில் ஆசிரியர் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு பாடம் நடக்கிறது. சில இடங்களில் ஆய்வுக்கூடம் பழையது. தேர்வு முடிவும் சான்றிதழும் தாமதமாவதுண்டு. வேலைவாய்ப்புக்கு நிறுவனங்களை வரவழைக்கும் ஏற்பாடு பல கல்லூரிகளில் போதாது. ஆங்கிலத்தில் பேசும் பயிற்சியை மாணவர் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே பெறவேண்டியிருக்கிறது.

ஆகவே ‘அரசினர் கல்லூரி எல்லாம் நன்று’ என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதும் தவறு. ‘பெயர் தெரியாதது எல்லாம் தாழ்வு’ என்று தள்ளுவதும் தவறு. நெசவாளி துணியின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து விலை மதிப்பதில்லை. பாவிலும் ஊடையிலும் எத்தனை இழை என்று எண்ணிப் பார்க்கிறான். உழவன் விதை மூட்டையின் மேல் உள்ள படத்தை நம்புவதில்லை. கைப்பிடி விதையை ஈரச் சாக்கில் கட்டி முளைப்பைப் பார்க்கிறான். கல்லூரியையும் அவ்வாறே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வேலை நாளில் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நேரில் சென்று, கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

1. இக்கல்லூரிக்கு இணைவு அளித்துள்ள பல்கலைக் கழகம் எது? சேர விரும்பும் பாடப் பிரிவுக்கும் அந்த இணைவு உண்டா? போலிப் பல்கலைக் கழகங்களின் பட்டியலை மானியக் குழு வெளியிடுகிறது. அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்?

3. ஆய்வுக்கூடமும் நூலகமும் மாணவருக்கு எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

4. சென்ற மூன்று ஆண்டுகளில் சேர்ந்தோர் எத்தனை பேர், முடித்தோர் எத்தனை பேர்?

5. முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கின்றனர்? மேற்படிப்புக்குச் சென்றவர் எத்தனை பேர்?

6. நாக் மதிப்பீடு எந்த ஆண்டில் பெறப்பட்டது? அதன் காலம் இன்னும் முடியாமல் இருக்கிறதா?

7. கட்டணம், பேருந்து, புத்தகம், உணவு எல்லாம் சேர்த்து மூன்று ஆண்டுகளுக்கு ஆகும் மொத்தச் செலவு என்ன?

விடைகளை அலுவலகத்தில் மட்டும் கேட்பது போதாது. வாயிலில் நிற்கும் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவரையும் கேட்டுப் பாருங்கள். இதே ஏழு கேள்விகளைப் பெயர்பெற்ற தனியார் கல்லூரியிலும் கேட்கவேண்டும். அங்கு கிடைக்கும் விடை உண்மையிலேயே மேலானதாக இருந்து, குடும்பமும் செலவைத் தாங்குமாயின் அங்கேயே சேர்க்கலாம்; தடையில்லை. பெயருக்காக மட்டும் பணம் கொடுக்கிறோமா என்பதைத் தெரிந்துகொண்டு கொடுப்பதே முக்கியம்.

சங்கம் செய்யக்கூடியது

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அலைந்து அறிவதைச் சங்கம் ஒருங்கே அறிந்து சொல்லலாம். நம் எல்லைக்குட்பட்ட அரசினர் கல்லூரி, பாலிடெக்னிக், பல்கலைக் கழகத் துறைகள் ஆகியவற்றின் பெயர், பாடப் பிரிவு, கட்டணம், மனுச் செய்யும் நாள் இவற்றை ஒரு தாளில் எழுதி, ஏப்ரல் மாதத்திலேயே சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அக்கல்லூரிகளில் படித்து முடித்த அங்கத்தினர் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்துப் பேசச் செய்யலாம். இணையத்தில் மனு நிரப்பத் தெரியாதவர்களுக்கு அலுவலகத்தில் இருக்கும் கணிப்பொறியில் எழுத்தர் உதவலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. ஒரு குடும்பம் தறியை விற்காமல் தப்பினால் அதுவே சங்கத்திற்கு இலாபம். ஏனெனில் தறி போனால் அங்கத்தினரும் போய்விடுகிறார்.

தொடக்கத்தில் கூறிய நெசவாள அங்கத்தினரைப் பற்றி வாசகர்கள் அறிய விரும்பலாம். அன்று மாலை வரை அவரோடு அமர்ந்து மேற்கண்ட கணக்கைப் போட்டுக் காட்டினோம். தகப்பனாரைக் காட்டிலும் உடன் வந்திருந்த மகளே அதைக் கவனமாகப் பார்த்தாள். மறுநாள் இருவரும் அரசினர் கல்லூரிக்குச் சென்று விசாரித்தனர். முதற்கட்ட விண்ணப்பக் காலம் முடிந்திருந்தது. காலியிடங்களுக்கு மீண்டும் மனுப் பெற்றபோது அவளுக்கு வேதியியலில் இடம் கிடைத்தது. இப்பொழுது முதலாண்டை முடித்திருக்கிறாள். ஒரு பாடத்திற்கு இரண்டு மாதம் ஆசிரியர் வரவில்லை என்றும், தோழிகள் நால்வர் சேர்ந்து நூலகத்தில் படித்துக்கொண்டதாகவும் சொன்னாள். குறை குறையே, அதை நாம் நியாயப்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு அவ்விடம் நிரப்பப்படவேண்டும் என்று பெற்றோர் சேர்ந்து முதல்வரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அங்கே படித்தால்தான் அவ்வாறு கேட்கும் உரிமையும் நமக்கு வலுப்பெறும்.

அவர் வீட்டில் இரண்டு தறிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சிக்கன நிதி எடுக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. மகள் முதுகலைக்கு வெளியூர் செல்ல நேர்ந்தால் அப்பொழுது எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அங்கத்தினர்களே! பிள்ளைகளின் படிப்புக்குச் செலவு செய்யத் தயங்கவேண்டாம்; அதைவிடச் சிறந்த செலவு வேறில்லை. ஆனால் ஒரு கல்லூரியின் பெயர் நம் காதில் விழாத காரணத்திற்காக அதைத் தள்ளிவிடவும் வேண்டாம். முதலில் அருகிலுள்ளதை நேரில் பாருங்கள். கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், கணக்குப் போடுங்கள். அதன் பின்னர் பிள்ளையோடு கலந்து முடிவு செய்யுங்கள்.